குக்கர் கூவுது, பருப்பு வேகலை

போன மாசம் கம்பெனியிலேர்ந்து ரெண்டு பசங்க என் வூட்டுக்கு வந்தாங்க. கழுத்துல அட்டை, கையில லேப்டாப்பு. "சார், நீங்கதான் ரொம்ப வருஷம் நம்ம சமையல் போன்ல பதில் சொன்னவராமே"ன்னு கேட்டாங்க. என்னை யாரும் சார்னு கூப்பிட்டதே இல்லை. பின்னாடி யாராவது நிக்கறாங்களான்னு திரும்பிப் பாத்துட்டு, ஆமான்னேன்.

"இப்ப மிஷின் வைக்கப் போறோம் சார். ஒண்ணை அமுத்தினா இட்லி, ரெண்டை அமுத்தினா சாம்பார், மூணை அமுத்தினா ஸ்வீட். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பதில் வேணும்."

"பருப்பு வேகலைன்னா எத்தை அமுத்தணும்?"

"ரெண்டு சார்."

"அது இன்னா சொல்லும்?"

"ஊற வெச்சு வேக வைங்கன்னு சொல்லும்."

"ஊற வெச்சும் வேகலைன்னா?"

ஒருத்தன் மூஞ்சை இன்னொருத்தன் பாத்தான். "திரும்ப ரெண்டை அமுத்தணும் சார்."

காபி குடுத்து அனுப்பிட்டேன். அப்புறம் ராத்திரி படுத்தா தூக்கம் வரலை. பசங்க மேல தப்பில்லை. பருப்பு வேகலைன்னு ஒரு பொம்பளை போன் பண்ணா, அந்த போனுக்குப் பின்னாடி எவ்ளோ பெரிய கதை நிக்கும்னு அவங்களுக்கு யாரும் சொல்லலை. நான் சொல்றேன், என் மருமக எழுதறா. நான் படிச்சது மூணாங்கிளாஸு. அதுல பாஸா ஃபெயிலான்னு வாத்தியாருக்கும் எனக்கும் தகராறு தீர்றதுக்குள்ள அவரு ரிடையர் ஆயிட்டாரு. கெட்ட வார்த்தை வந்தா பேனாவை மூடிடுவேன்னு மருமக மெரட்டியிருக்கா. அதனால இது கொஞ்சம் மரியாதையாத்தான் போகும். மன்னிச்சுக்குங்க.

நான் ஸ்ரீராம்புரத்து ஆளு. தொண்ணூத்தொண்ணுலயோ ரெண்டுலயோ ஒரு மசாலாப் பொடி கம்பெனியில மொளகா மூட்டை தூக்கற வேலைக்குச் சேந்தேன். கம்பெனி பேரு வேணாம், பொடி நல்லாத்தான் இருக்கும். மொளகா மூட்டை தூக்கறவனுக்கு வூட்டுல மரியாதையே கெடையாது. வாசல்லயே சட்டையக் கழட்டச் சொல்லுவா என் பொண்டாட்டி. ஆசையா கொழந்தையத் தூக்கினா கொழந்தை தும்மும். ஆசையா பொண்டாட்டிகிட்ட போனா... சரி, மருமக முறைக்கறா.

இடுப்பு புடிச்சுகிச்சுன்னு என்னை மாடிக்கு அனுப்பினாங்க. அங்க ஒரு சமையக்கட்டு. பொடியெல்லாம் சரியா இருக்கான்னு சமைச்சுப் பாக்கற எடம். எனக்குப் பாத்திரம் கழுவற வேலை. அங்கதான் வனமாலா மேடம் இருந்தாங்க.

மேடம் கன்னடக்காரங்க, மல்லேஸ்வரம். சமையலைக் காலேஜுல போயி படிச்சவங்க. அதைக் கேட்டு நான் ரெண்டு நாளு சிரிச்சேன். சமையலுக்கு காலேஜான்னு. மூணாம் நாளு அவங்க செஞ்ச ரசத்தைக் குடிச்சேன், அப்புறம் சிரிக்கலை. ஒல்லியா இருப்பாங்க, காட்டன் பொடவை, முந்தானைய இழுத்து இடுப்புல சொருகியிருப்பாங்க. கோவமே வராது. கோவம் வந்தாலும் நமக்குத் தெரியாது, அவங்க பாட்டுக்கு வெங்காயம் நறுக்குவாங்க. வெங்காயம் ரொம்பப் பொடியா இருந்தா அன்னிக்கு யாரோ மாட்டிகிட்டாங்கன்னு நான் புரிஞ்சுக்குவேன்.

பொடி பாக்கெட்டு மேல கம்பெனி ஒரு போன் நம்பர் போட்டுச்சு. சமையல்ல சந்தேகம்னா கூப்பிடுங்கன்னு. பெங்களூருல அப்ப வூட்டு வூட்டுக்கு போன் கெடையாது. இருந்தும் கூப்பிட்டாங்க. மளிகைக் கடையிலேர்ந்து கூப்பிட்டாங்க, எஸ்டிடி பூத்துலேர்ந்து கூப்பிட்டாங்க. ஒரு அம்மா எதிர்வூட்டு போன்லேர்ந்து கூப்பிட்டு, "சத்தமாப் பேசாதீங்க, அவங்க காதுல விழுந்துடும்"னாங்க. வடை கல்லாயிடுச்சுன்னு எதிர்வூட்டுக்குத் தெரியக்கூடாதாம். அவங்க போன்லயேதான் பேசறாங்க!

மேடத்துகிட்ட ரெண்டு சட்டம் இருந்துச்சு. மொதல் சட்டம், பதில் சொல்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி. எந்தப் பாத்திரம்? எவ்ளோ நெருப்பு? அதுக்கு முன்னாடி இன்னா பண்ணீங்க? ஒவ்வொரு பதிலுக்கும் மேடம் "ஹௌதா?"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. நம்ம 'அப்படியா'தான். ஆனா அவங்க சொல்ற தினுசுல, எதிர்ல இருக்கறவங்க மறைச்சு வெச்சதையெல்லாம் கக்கிடுவாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல லத்தியால ஆகாதது மேடத்தோட ஹௌதாவால ஆகும்.

ரெண்டாவது சட்டம்தான் என் வயித்தக் கெடுத்துச்சு. பதில் தெரியாத கேள்வி வந்தா, அந்தத் தப்பை நாமளும் அப்படியே சமைச்சுப் பாக்கணும். சமைச்சதைக் கீழ கொட்டக் கூடாது, தின்னணும். "தின்னாதான் அவங்க கஷ்டம் தெரியும் முனி"ம்பாங்க. அவங்களும் தின்னுவாங்க. நான் ஓரமா கழுவுற தொட்டிப் பக்கம் ஒதுங்கினா கூப்பிட்டுத் தட்டுல வைப்பாங்க.

குழம்புல உப்பு ஜாஸ்தி ஆயிடுச்சு, உருளைக்கெழங்கு போட்டா இழுத்துக்குமான்னு ஊரே கேக்கும். சமைச்சோம். குழம்பு அதே உப்பு, உருளைக்கெழங்கும் உப்பு. முன்னாடி ஒரு பொருளைத்தான் வாயில வைக்க முடியாம இருந்துச்சு, இப்ப ரெண்டு. பாதிக் குழம்பை எடுத்து வெச்சுட்டு, மீதியில வெந்த பருப்போ தேங்காப்பாலோ சேத்து கொதிக்க விடுங்கன்னு மேடம் சொல்லிக் குடுத்தாங்க. எடுத்து வெச்சதை நாளைக்கு இதே மாதிரி பண்ணிக்கலாம். உப்புமா கட்டி தட்டுதுன்னா, ரவையை நல்லா வறுத்துட்டு, தண்ணி தளதளன்னு கொதிக்கறப்ப ஒரு கையால தூவிகிட்டே இன்னொரு கையால கிண்டணும். நான் என் சொந்தச் சரக்கு ஒண்ணு சேப்பேன். "ரவை போடறப்ப பின்னாடி யாரு கூப்பிட்டாலும் திரும்பாதம்மா. மாமியாரா இருந்தாலும் சரி."

மாவு பொங்கலைங்கற கேள்வி டிசம்பர்ல மட்டும் மழை மாதிரி கொட்டும். பெங்களூரு டிசம்பர்ல மனுசனே போர்வைக்குள்ள சுருண்டு கெடக்கறான், மாவு மட்டும் எந்திரிச்சு நிக்குமா? அரைச்சதும் கையாலயே கலக்கி, கதகதப்பான எடத்துல வைக்கச் சொல்லுவோம். டிவி பொட்டிக்கு மேல வைங்கன்னு ஒரு அம்மாவுக்கு நான் யோசனை சொன்னேன். மறுநாளு அவங்க போன். "பொங்கிடுச்சு"ன்னாங்க. சந்தோஷம்மான்னேன். "நாடகத்துல பொண்ணு அழுதுகிட்டு இருந்தா. மேலேர்ந்து மாவு வழிஞ்சு அவ மூஞ்சை மூடிடுச்சு. எங்க மாமியார் அதுவும் கதைன்னு நெனச்சுப் பாத்துகிட்டு இருக்காங்க." அன்னிக்கு மேடம் ரெண்டு கிலோ வெங்காயம் நறுக்கினாங்க. பாத்திரத்துல பாதிக்கு மேல மாவு ஊத்தக் கூடாது, அடியில தட்டு வைக்கணும்னு அதுக்கப்புறம் சேத்துகிட்டோம்.

நான் போன் எடுக்க ஆரம்பிச்சதும் தற்செயல்தான். மேடம் இல்லாதப்ப மணி அடிச்சுது. ஆஸ்டின் டவுன்லேர்ந்து ஒரு தமிழம்மா, பூரி எண்ணெய் குடிக்குதுன்னு. நான் பாத்திரம் கழுவற ஆளுன்னு சொல்லாம, மாவைக் கெட்டியாப் பெசை, எண்ணெயை நல்லாக் காய விடுன்னு டாக்டர் மாதிரி அடிச்சு விட்டேன். வெச்சுட்டுத் திரும்பினா மேடம் வாசல்ல நிக்கறாங்க. வேலை போச்சுன்னு நெனச்சேன்.

"முனி, நீ மொதல்ல பதில் சொல்றே, அப்புறம் கேக்கறே. அதைத் திருப்பிப் போடு"ன்னாங்க. அவ்ளோதான். மறுநாளேர்ந்து தமிழ் போனெல்லாம் எனக்கு.

இனிமேதான் பருப்பு.

ஒரு செவ்வாக்கெழமை மணி அடிச்சுது. எடுத்து வணக்கம் சொல்றதுக்குள்ள அங்கேர்ந்து ஒரு கொரலு.

"பொடி கம்பெனியா? பொடியில இன்னாத்தய்யா கலக்கறீங்க, சிமெண்டா?"

"எக்கா, மெதுவா. இன்னா ஆச்சு?"

"உங்க பொடி போட்ட நாள்லேர்ந்து பருப்பு வேக மாட்டேங்குது. குக்கரு கூவிகிட்டே இருக்கு, கெவுர்மெண்டு மில்லு மாதிரி. தொறந்தா கல்லு!"

"பொடி பருப்பு வெந்ததுக்கு அப்புறம்தானக்கா போடுவீங்க?"

"அதுக்கு நான் இன்னா பண்றது, யாரையாவது திட்டணும் இல்ல?"

எனக்கு அப்பவே மேரியக்காவைப் புடிச்சுப் போச்சு.

முழுப்பேரு லூர்து மேரி. கோலார் தங்க வயல்காரங்க. வூட்டுக்காரரு சுரங்கத்துல எறங்கினவரு, தூசி நெஞ்சுல அடைச்சு படுத்துட்டாரு. அக்கா பெங்களூருக்கு வந்து, மொதல்ல ஆஸ்டின் டவுன்ல சின்னதா மெஸ் வெச்சு, இப்ப அடுகோடிக்கு மாறியிருக்காங்க. அங்க ஒரு பெரிய லேத் ஒர்க்‌ஷாப்பு. நாப்பது பேருக்கு தெனம் மத்தியான சாப்பாடு. அந்த நாப்பது பேருதான் அக்காவோட அரிசி, மருந்து, வாடகை எல்லாம்.

அந்த ஒர்க்‌ஷாப்புக்கு நஞ்சப்பான்னு ஒரு மேஸ்திரி. இரும்பை விரல்ல தடவியே நூலளவு ஜாஸ்தி கம்மி சொல்ற ஆளாம். அந்த விரல்ல பருப்பை எடுத்து நசுக்கியிருக்காரு. நசுங்கலை. "பேளே பெந்தில்லம்மா"ன்னு எலையோரமா வெச்சுட்டாரு. பருப்பு வேகலைங்கறாரு. ரெண்டு மூணு தடவை பொறுத்துட்டு, சனிக்கெழமை வரைக்கும் டைம் குடுத்திருக்காரு. சனிக்கெழமையும் பருப்பு கல்லா இருந்தா, திங்கக்கெழமையிலேர்ந்து நாப்பது பேரும் ஆந்திரா மெஸ்ஸுக்கு.

"சில நாளு வேகுது தம்பி"ன்னாங்க அக்கா. "அதான் கொழப்புது. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு அடுப்புப் பத்த வெச்சேன், வெந்துச்சு. மறுநாளு ரெண்டு ஏத்தினேன், வேகலை."

மூணு கேள்வியும் கேட்டேன். பாத்திரம், பெரிய குக்கரு. நெருப்பு, ஜாஸ்தி. முன்னாடி பண்ணது, கழுவி ஊற வெச்சது. எல்லாம் சரி. போனை மேடத்துகிட்ட குடுத்தேன். மேடம் நாலு ஹௌதா போட்டாங்க. ஒண்ணும் கெடைக்கலை.

ரெண்டாவது சட்டம் ஆரம்பம். புளியை முன்னாடியே போட்டு பருப்பு வேக வெச்சோம். தின்னோம். உப்பை முன்னாடி போட்டு வெச்சோம். தின்னோம். குடோன்ல எலி கூட ஒதுக்கின பழைய பருப்பைக் கொண்டாந்து வெச்சோம். தின்னோம். குக்கரோட ரப்பரை லூஸாக்கி, ஆவி ஒழுக ஒழுக வெச்சோம். அதையும் தின்னோம். சாயங்காலம் பஸ்ல ஸ்ரீராம்புரம் போறப்ப என் பக்கத்துல யாரும் ஒக்காரலை. காரணம் மருமக எழுத மாட்டாளாம்.

சிலது லேட்டாச்சு, சிலது அரைகொறையா வெந்துச்சு. ஆனா அக்கா சொன்ன கல்லு எதுலயும் வரலை.

மறுநாளு மேடம் அக்காவையே வரச் சொன்னாங்க. குக்கரு, அதோட வெயிட்டு, ரப்பரு, அதே பருப்பு, எல்லாத்தையும் எடுத்துகிட்டு. அக்கா பெரிய குக்கரை மடியில வெச்சுகிட்டு பஸ்ல வந்தாங்க. "கண்டக்டரு இதுக்கும் டிக்கெட்டு கேட்டான். கொழந்தைடான்னேன், மூஞ்சைக் காட்டுன்னான்." ஆளு குண்டு, நெத்தியெல்லாம் வேர்வை, கழுத்துல செலுவை. வந்ததும் எங்க ஸ்டவ்வைப் பாத்து ஒரு பெருமூச்சு விட்டாங்க.

அதே குக்கரு, அதே பருப்பு, அதே கை. அக்காவேதான் வெச்சாங்க. ஆவி அடங்கி மூடியைத் தொறந்தா, வெண்ணெய்! கரண்டி வெச்சா கரைஞ்சு ஓடுது. நான் கை தட்டினேன். மேடம் சிரிச்சாங்க. மேரியக்கா மட்டும் முந்தானையால மூஞ்சைத் தொடைச்சுட்டு ஒக்காந்துட்டாங்க.

"இங்க வெந்து எனக்கு இன்னா ஆவப்போவுது? நாப்பது பேரையும் இங்க இட்டாரட்டுமா? அப்ப கோளாறு என் வூட்டுலதானே இருக்கு. யாரோ கண்ணு வெச்சுட்டாங்க."

"ஹௌது, ஆமா, வீட்டுலதான்"னாங்க மேடம். "நாளைக்கு வர்றோம்."

வியாழக்கெழமை அடுகோடி போனோம். தகரக் கொட்டா, நீளமா பெஞ்சு, பின்னாடி சமையக்கட்டு. லேத் சத்தம் சுவத்துக்கு அந்தப் பக்கம் கீய்யுனு கேட்டுகிட்டே இருக்கு. மேடம் ஒரு ஓரமா ஸ்டூல் போட்டு ஒக்காந்து, அக்கா செய்யறதையெல்லாம் வாயத் தொறக்காம பாத்தாங்க. பருப்பு கழுவினாங்க, ஊற வெச்சாங்க, குக்கர்ல போட்டாங்க. மேடம் முகத்துல ஒண்ணும் தெரியலை. குக்கரு கூவுது, கூவுது. தொறந்து பாத்தா, அக்கா சொன்ன அதே கல்லு. மஞ்சத் தண்ணியில பருப்பு முழுசு முழுசா நீந்துது.

மேடம் ஒண்ணை வாயில போட்டு மென்னாங்க. எனக்கும் குடுத்தாங்க. சட்டம் சட்டம்தானே.

பின்னாடி தொட்டிகிட்ட போயி கை கழுவினேன். சோப்பைத் தேய்க்கறேன், தேய்க்கறேன், நொரையே வரலை. கையில பிசுபிசுன்னு வெள்ளையா ஒட்டுது. சும்மா இருந்தா நான் முனுசாமியா? "எக்கா, கடையில சோப்பு கேட்டு வாங்கினியா, செங்கல்லு கேட்டு வாங்கினியா?"

"நக்கலைப் பாரு! போன வாரம்தாண்டா வாங்கினேன், வாசனை சோப்பு."

மேடம் ஸ்டூல்லேர்ந்து எழுந்தாங்க. "முனி, இன்னொரு தடவை கழுவு."

கழுவினேன். நொரை இல்லை.

"இப்ப அந்தக் கொடத்துத் தண்ணியில கழுவு."

மூலையில துணி கட்டி, மூடி போட்டு, வரிசையா பித்தளைக் கொடம். அக்கா பாஞ்சு வந்தாங்க. "அய்யோ மேடம், அது குடிக்கற தண்ணி! கார்ப்பரேஷன் தண்ணி!"

"ஒரு டம்ளர்"னாங்க மேடம். ஒரே டம்ளருதான். சோப்பு பொங்குச்சு பாருங்க, முழங்கை வரைக்கும் நொரை. கல்யாண மாப்பிள்ளைக்கு சந்தனம் பூசின மாதிரி நின்னேன். அக்கா வாயத் தொறந்தது தொறந்தபடி.

பெங்களூருக்காரங்களுக்கு இதைச் சொல்ல வேணாம். மத்தவங்களுக்குச் சொல்றேன். இங்க வூட்டுக்கு ரெண்டு தண்ணி. ஒண்ணு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தெருக்கொழாயில வர்ற காவேரித் தண்ணி. இன்னொண்ணு போர் தண்ணி, எப்பவும் வரும், ஆனா உப்பு. போர் தண்ணியில இருக்கற சுண்ணாம்பு பருப்பு மேல போயி ஒக்காந்துகிட்டா, அதை எவ்ளோ வேக வெச்சாலும் தோலு கெட்டியாயிடும்னு மேடம் வெளக்கினாங்க. அக்கா முன்னாடி இருந்த ஆஸ்டின் டவுன் வூட்டுல காவேரி மட்டும்தான், எங்க கம்பெனியிலயும் அதேதான். இங்க வந்ததும் போர். கொழாயில தாராளமா வந்த நாளு, கொடமெல்லாம் ரொம்பி, மிச்சத்தை சமையலுக்கு ஊத்தியிருக்காங்க. அன்னிக்கு மட்டும் வெந்திருக்கு. மெழுகுவத்தி பாவம், நடுவுல மாட்டிகிச்சு.

இந்தக் காவேரிக்காக ரெண்டு ஸ்டேட்டும் கோர்ட்டுல நிக்குது. நடுவுல துவரம்பருப்பும் எனக்கும் காவேரிதான் வேணும்னு மறியல் பண்ணியிருக்கு. அதுக்கு ஒரு வக்கீலு கெடையாது.

அன்னிலேர்ந்து எங்க கேள்வி நாலாச்சு. 'இன்னா தண்ணி?'

சரி, கண்டுபுடிச்சாச்சு, கெளம்பலாம்னு நான் எழுந்தேன். அக்கா எழுந்திரிக்கலை.

"நல்ல தண்ணி பூரா ஆளுங்களுக்குக் குடிக்க வேணும் மேடம். பருப்புக்கு எங்க போவேன்?"

"பருப்புக்கு ரெண்டு கொடம் போதும். மத்த சமையலுக்குப் போர் தண்ணி பரவாயில்லை."

"நாளைக்குத் தண்ணி வரும், புடிச்சுக்கலாம்க்கா"ன்னேன் நான், பெரிய மனுசனாட்டம்.

அதுக்குத் தண்டனையா மேடம் என்னையே தண்ணி புடிக்க அனுப்பினாங்க. வெள்ளிக்கெழமை விடியக்காலையில அடுகோடி தெருக்கொழா. பொம்பளைங்க வரிசையில நான் ஒருத்தன் ஆம்பளை. "யாருடி இது, மேரிக்கு இன்னொரு புருஷனா?"ன்னு ஒரு கெழவி கேட்டுச்சு. "வேலைக்கு ஆவாத புருஷன்"னு பதில் சொன்னது மேரியக்காதான். அன்னிக்குன்னு பாத்து கொழா நூலாட்டம் ஒழுகுது. எங்க மொறை வந்து ரெண்டு கொடம் ரொம்பறதுக்குள்ள புஸ்ஸுனு காத்து வந்து நின்னுபோச்சு. வூட்டுல இருந்த பழசு அன்னிக்கு மத்தியானமே தீந்துடுச்சு.

ஆக சனிக்கெழமை காலையில அக்கா கையில இருந்தது ரெண்டே கொடம். குக்கருக்கு ஊத்தி, ஊற வைக்க ஊத்தி, பருப்புக்கே ரெண்டும் வேணும். நாப்பது பேரு லேத்துல வெந்துட்டு வந்து குடிக்கறதுக்கு ரெண்டு கொடமும் பத்தாது. மேடமும் லீவு போட்டுட்டு வந்துட்டாங்க.

"ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டுடறேன். தண்ணி ஆளுங்களுக்கு"ன்னாங்க அக்கா.

"வேகும். ஆனா கொழகொழன்னு ஆகும், சோப்பு வாசனை வரும். அந்த மேஸ்திரி கண்டுபிடிப்பாரு"ன்னாங்க மேடம்.

"எக்கா, போர் தண்ணிய அவங்க ஒரு நாளு குடிச்சா செத்தா போயிடுவாங்க?"ன்னேன் நான். "நான் தெனம் குடிக்கறேன். கொஞ்சம் முடி கொட்டுச்சு, அவ்ளோதான்."

அக்கா சிரிக்கலை. "எங்க வூட்டுக்காரரு சுரங்கத்துலேர்ந்து மேல வருவாரு. வந்ததும் பேச்சு வராது. கைய மட்டும் நீட்டுவாரு, தண்ணிக்கு. அந்தக் கையில உப்புத் தண்ணிய எப்படிடா குடுப்பேன்? இவங்களும் அப்படித்தான் வந்து கைய நீட்டறாங்க. சோறு எப்படி வேணா இருக்கட்டும், தண்ணி நல்லதா இருக்கணும். நான் அப்படித்தான் மெஸ்ஸு நடத்தறேன்."

நான் தொட்டிப் பக்கம் போயி குண்டானைக் கழுவ ஆரம்பிச்சேன்.

மேடம் வாக்குவாதம் பண்ணலை. பெரிய குண்டான்ல போர் தண்ணிய ஊத்தி அடுப்புல வெச்சாங்க. நல்லாக் கொதிக்க வெச்சு, ஆற வெச்சாங்க. அடியில வெள்ளையா படிஞ்சுது. காய்ச்சினாலும் சுண்ணாம்பு பூரா போகாது, பருப்பு வேகாது, ஆனா குடிக்கலாம்னாங்க. மேல்தண்ணிய மட்டும் துணியில வடிகட்டி, வறுத்த சீரகம் போட்டாங்க. ஒரு டம்ளர் மொதல்ல அவங்க குடிச்சாங்க. அடுத்தது அக்காவுக்கு.

அக்கா குடிச்சாங்க. நாக்கைச் சப்புக் கொட்டினாங்க. "உப்பு இருக்கு."

"இருக்கு"ன்னாங்க மேடம். "ஸ்வல்ப, கொஞ்சம் இருக்கு."

இருக்குன்னு ஒத்துகிட்டதுதான் அக்காவை மசிய வெச்சுதுன்னு நெனைக்கறேன். இல்லவே இல்லைன்னு சொல்லியிருந்தா அக்கா குண்டானைக் கவுத்திருப்பாங்க. கொஞ்ச நேரம் கொடத்தையும் குண்டானையும் மாறி மாறிப் பாத்தாங்க. அப்புறம் ரெண்டு கொடத்தையும் பருப்புக்கே ஊத்தினாங்க. "ஆனா சொல்லாம குடுக்க மாட்டேன்"னாங்க.

மத்தியானம் சங்கு ஊதுச்சு. கிரீஸ் கையோட நாப்பது பேரு. நஞ்சப்பா மேஸ்திரி நடு பெஞ்சுல ஒக்காந்தாரு. தடிமனான மீசை, சட்டைப் பையில இரும்பு ஸ்கேலு. சோத்துல கைய வைக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் டம்ளரை எடுக்கப் போனாங்க. அக்கா கரண்டியால குண்டான்ல டங்குன்னு ஒரு தட்டு தட்டினாங்க.

"எல்லாரும் கேளுங்க. நேத்து கொழாயில தண்ணி சரியா வரலை. இருந்த நல்ல தண்ணி பருப்புக்குப் போயிடுச்சு. உங்களுக்குப் போர் தண்ணிதான், காய்ச்சி சீரகம் போட்டிருக்கேன். புடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க. பின்னாடி போயி பேசாதீங்க."

தமிழ் தெரியாதவங்களுக்குப் பக்கத்துல இருக்கறவன் சொன்னான். யாரும் டம்ளரைத் தொடலை. எல்லாரும் மேஸ்திரியப் பாக்கறாங்க. மேடம் என் பக்கத்துல நின்னுகிட்டு, நறுக்க வெங்காயம் இல்லாம, பொடவை ஓரத்தை முறுக்கிகிட்டு இருந்தாங்க.

மேஸ்திரி எலையில சாம்பாரை ஊத்தச் சொன்னாரு. ஒரு பருப்பைத் தேடினாரு. தேடறாரு, தேடறாரு. எங்க இருக்கும்? எல்லாம் கரைஞ்சு போச்சு. கடைசியா முருங்கைக்காய்க்கு அடியில ஒண்ணைப் புடிச்சாரு. ரெண்டு விரல்ல வெச்சு லேசா அமுத்தினாரு. விரலு ரெண்டும் ஒண்ணாச்சு, நடுவுல ஒண்ணுமே இல்லை.

அப்புறம் டம்ளரை எடுத்து ஒரே மொடக்குல குடிச்சு, டொக்குன்னு வெச்சாரு.

"நீரு ஸ்வல்ப உப்பு"ன்னாரு.

"அதான் மொதல்லயே சொல்லிட்டேனே"ன்னாங்க அக்கா.

மேஸ்திரி பெஞ்சு பூரா ஒரு பார்வை பாத்தாரு. அவரோட ஒடைஞ்ச தமிழ்ல சொன்னாரு. "நம்ம ஒர்க்‌ஷாப்ல காவேரி லைன் இருக்கு. திங்கக்கெழமையிலேர்ந்து எல்லாரும் ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணி இங்க எடுத்துட்டு வாங்க. நம்ம தண்ணி நாம குடிக்கலாம்." அக்கா பக்கம் திரும்பினாரு. "உங்க தண்ணி பேளேக்கு வெச்சுக்கோம்மா."

திங்கக்கெழமையிலேர்ந்துன்னு அவரு சொன்னது அக்காவுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. புரிஞ்சதும் சாம்பார் வாளியத் தூக்கிகிட்டு நேரா அவரு எலைகிட்ட போனாங்க. ஒரு கரண்டி ஊத்தினாங்க. இன்னொரு கரண்டி. மூணாவது கரண்டிக்கு அவரு "சாக்கு, சாக்கம்மா"ன்னாரு. போதுங்கறாரு. அக்கா காதுல வாங்கலை, கண்ணு ரெண்டும் ரொம்பி நிக்குது, எலை தெரிஞ்சாதானே? மேஸ்திரி ரெண்டு கையாலயும் எலைய மூடினாரு. அக்கா கை மேலயே ஊத்திட்டாங்க.

நல்ல வேளை, சாம்பாரு ஆறியிருந்துச்சு. இல்லைன்னா நாப்பது பேரும் அன்னிக்கே ஆந்திரா மெஸ்ஸுக்குப் போயிருப்பாங்க.